பனிக்காலத்தில் பகைக்கொடிகளை இனங்காணல்



கொடி என்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவது இரக்க உணர்வே. பற்றுதற்குக் கொழுகொம்பு இன்றித் தளர்ந்து கிடந்த முல்லைக்குத் தன் தேரையே ஈந்து சென்ற பாரி வள்ளலை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. ஆதரவற்று நிற்பாரைக் கொழுகொம்பற்ற கொடி என்று நாம் கூறுகிறோம். ஆயினும், தான் ஏறிய கொம்பையே ஒளி மறைத்துக் கொன்றுவிடும் கொடிகளும் உலகில் உண்டு. அத்தகைய கொடிகள் சில கடல் கடந்து வந்து நமது மலைநாட்டுத் தோட்டங்களிலே குடியேறியுள்ளன. அவற்றை எவ்வாறு இனங்காண்பது, பிறவற்றினின்று எவ்வாறு பிரித்தறிவது, அதற்குப் பனிக்காலம் ஏன் ஏற்ற காலம் என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

நான் பணியாற்றும் ஊர் அலவத்துகொட. கண்டி மாநகரிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் பெருவீதியில், அக்குறணையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் இவ்வூர் வரும். வீதியின் இருமருங்கிலும் பலாவும் தென்னையும் கமுகும் கித்துளும் நெருங்கி நிற்க, அவற்றின் இடையிடையே கராம்பும் சாதிக்காயும் கோப்பியும் வளர, முள்முருங்கையிலும் சீமைக்கிளுவையிலும் மிளகுக்கொடி ஏறி நிற்கும் வீட்டுத்தோட்டங்கள் இங்குள்ளவை. கண்டி வீட்டுத்தோட்டம் என்று அறிஞர்கள் சிறப்பித்துக் கூறுவது இவ்வமைப்பினையே. பல குடும்பங்களுக்கு இத்தோட்டமே வங்கி. பிள்ளையின் படிப்புச் செலவும் மகளின் திருமணச் செலவும் மிளகு மூட்டையிலிருந்துதான் வருதல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாரி மழை ஓய்ந்த ஒரு தை மாதத்தில், எமது மாணாக்கரைக் கொண்டு ஒரு சிரமதானம் நடத்தினோம். பாடசாலை வேலியையும் அதனை அடுத்துள்ள நிலத்தையும் மூடிக் கிடந்த கொடிகளை வெட்டி அகற்றுவது எமது நோக்கம். பிள்ளைகள் ஊக்கத்துடன் உழைத்தனர். நண்பகலுக்குள் வேலி வெளித்தது. நானும் பெருமிதம் கொண்டேன். நான்கு நாட்கள் சென்றபின், அயல் வீட்டில் வாழும் முதியவரான ஒரு முஸ்லிம் அம்மையார் என்னைத் தேடி வந்து, தம் தோட்டத்து எல்லைக்கு அழைத்துச் சென்றார். அங்கே மூன்று மரங்களில் ஏறியிருந்த மிளகுக்கொடிகள் இலை கருகித் தொங்கின. பகைக்கொடி அவற்றைச் சுற்றிப் பின்னியிருந்தமையால், எது எதுவெனப் பிரித்தறியாத பிள்ளைகள் இரண்டையும் ஒருங்கே அடியில் வெட்டிவிட்டனர்.

அம்மையார் சினக்கவில்லை. "பிள்ளைகளை ஏச வேண்டாம், சேர். அதுகளுக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பக்கத்துல நிண்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அச்சொல் என்னைச் சுட்டது. ஏனெனில், பக்கத்தில் நின்றவன் நான், எனக்கும் தெரிந்திருக்கவில்லை. கலைப் பட்டதாரியாகிய நான் அன்று தொடங்கி, ஐம்பது வயதைக் கடந்த நிலையில், கொடிகளைப் பற்றி மாணவனாகக் கற்கத் தொடங்கினேன். கற்றதை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். அயல்நாட்டிலிருந்து வந்த செடி யாவும் பகைச்செடி அன்று. கராம்பும் சாதிக்காயும் கிழக்கிந்தியத் தீவுகளான மொலுக்காசிலிருந்து வந்தவை. கோப்பி ஆபிரிக்காவிற்குரியது. இவை நட்ட இடத்தில் நின்று பயன் தருகின்றன. எந்தச் செடி நடுவார் இன்றித் தானே பரவி, மண்ணுக்குரிய செடிகளின் இடத்தைக் கவர்ந்து, அவற்றை அழிக்கின்றதோ அதனையே ஆக்கிரமிப்புத் தாவரம் என்கிறோம். தன் தாயகத்தில் அதனை உண்டு அடக்கும் பூச்சியும் நோயும் புதிய நாட்டில் இல்லாமற் போவதே அது கட்டின்றிப் பெருகுதற்கு முதன்மையான காரணம்.

கொடிகளுக்கு இதில் இயல்பாகவே ஒரு வாய்ப்பு உண்டு. மரமானது தன் உடலைத் தாங்கி நிற்கப் பல்லாண்டுகள் உழைத்துத் தண்டினைத் திரட்ட வேண்டும். கொடியோ பிறர் தோளில் ஏறுவதால், அவ்வுழைப்பை மிச்சப்படுத்தித் தன் வலிமை முழுவதையும் நீளத்திலும் இலையிலும் செலவிடுகிறது. இதனாலேயே அது விரைந்து உச்சியை அடைகிறது. அடைந்தபின் ஒளியைத் தானே உண்டு, கீழுள்ள மரத்தைப் பட்டினி போடுகிறது.

இனிப் பனிக்காலத்தின் சிறப்பைப் பார்ப்போம். ஐரோப்பா, அமெரிக்கா முதலிய குளிர்நாடுகளிலே, மரங்களும் கொடிகளும் இலை முழுவதையும் உதிர்த்து நிற்கும் காலமே குளிர்காலம். அங்கே கொடியை அறிய விரும்புவோர் பட்டை, முறுக்கு, எஞ்சிய காய் ஆகியவற்றைக் கொண்டே அறிதல் வேண்டும். ஐவி என்னும் கொடி மட்டும் பசுமை மாறாது நிற்பதால், இலையற்ற மரங்களின் நடுவே தொலைவிலிருந்தே காட்டிக் கொடுக்கப்படுகிறது. கீழை நாடுகளிலிருந்து அமெரிக்கா சென்று பரவிய பிற்றர்சுவீற்று என்னும் கொடிக்கும், அந்நாட்டிற்கே உரிய அதன் உறவுக்கொடிக்கும் உள்ள வேறுபாடும் குளிர்காலத்திலேதான் தெளிவாகும். வந்தேறியின் காய்கள் தண்டு நெடுகிலும் கணுக்கள்தோறும் நிற்கும். நாட்டுக்கொடியின் காய்களோ கிளையின் நுனியில் மட்டுமே கொத்தாக நிற்கும்.

நமது நாட்டில் அத்தகைய இலையுதிர்வு இல்லை. எனினும் நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களுள் முன்பனியும் பின்பனியும் நமக்கும் உண்டு. மார்கழி தொடங்கிப் பங்குனி வரை நீளும் அக்காலத்தில், கண்டிப் பகுதியில் மழை படிப்படியாக ஓய்கிறது. முள்முருங்கை இலையுதிர்த்துச் செம்பூப் பூக்கத் தொடங்குகிறது, இலவமரமும் வெறுங்கிளையாகிறது. வள்ளிக்கொடிகள் மஞ்சளித்துக் காய்ந்து விழுகின்றன. புல் தணிகிறது. இவ்வாறு சுற்றிலும் பசுமை குறையும்போது, குறையாத பசுமை எதுவோ அது கண்ணிற்படுகிறது. இலையுதிர்த்த முருங்கை பச்சைப் போர்வை போர்த்து நிற்குமானால், அப்பசுமை அம்மரத்தினுடையது அன்று. அதன்மேல் ஏறியவரின் பசுமை. மேலும், மண்ணில் ஈரம் முற்றாக வற்றாத இக்காலத்தில் வேர் அறாது பிடுங்கவும் இயலும். நம்மூரில் மிகக் கொடிய கொடி பூத்து விதை கட்டுவதும் இப்பருவத்தை ஒட்டியே.

கொடியொன்றைக் கண்டால் கத்தியை எடுக்குமுன் நான்கு வினாக்களை எழுப்புக என்று மாணாக்கருக்குக் கற்பிக்கிறேன்.

முதல் வினா: இது எவ்வாறு ஏறுகிறது? தண்டே கொம்பைச் சுற்றி முறுக்கி ஏறுவது ஒருவகை. பாகல், பசன் பழக்கொடி ஆகியவற்றைப் போலப் பற்றுக்கம்பியை நீட்டிப் பிடிப்பது இரண்டாம் வகை. மிளகு, வெற்றிலை ஆகியவற்றைப் போலக் கணுவில் வேர்விட்டு மரத்தோடு ஒட்டி ஏறுவது மூன்றாம் வகை.

இரண்டாம் வினா: இலைகள் எவ்வாறு நிற்கின்றன? ஒரு கணுவில் ஒரே இலையா, அன்றி எதிரெதிராக இரண்டு இலைகளா? மூன்றாம் வினா: தண்டும் கணுவும் எத்தகையன? வழவழப்பா, முடிச்சா, விளிம்பு உண்டா, மண்ணைத் தொட்ட கணு வேர்விடுகிறதா? நான்காம் வினா: பூவும் விதையும் யாவை? இந்நான்கிற்கும் விடை கண்டபின் பிழை நேர்வது அரிது. இலையின் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதே பெரும்பிழை. ஏனெனில், நமது தோட்டத்துக் கொடிகளுள் பல இதய வடிவ இலை கொண்டவை.

இவ்வினாக்களைக் கொண்டு நமது முதற் பகைவனைப் பார்ப்போம். தாவர நூலார் இதனை மிக்கானியா மைக்கிராந்தா என்பர். நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் இதன் தாயகம். நிமிடத்திற்கு ஒரு மைல் ஓடும் கொடி என்று ஆங்கிலேயர் இதற்குப் பட்டப்பெயர் இட்டனர். சிங்கள மக்கள் 'வத்துபாளு' என்பர். வத்து என்பது தோட்டம், பாளு என்பது நமது 'பாழ்' என்னும் சொல்லின் பொருளையே தருவது. தோட்டத்தைப் பாழாக்குவது என்று ஊரார் இட்ட அப்பெயரே இதன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. உலகின் மிகக் கேடான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலிலும் இக்கொடி இடம் பெற்றுள்ளது.

மிக்கானியா முறுக்கி ஏறும் கொடி. இலை இதய வடிவம். ஓரம் பருமட்டான பற்களோடு கூடியது அல்லது நெளிந்தது. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும். தண்டு மெல்லியது, நுண்வரிகள் கொண்டது. மண்ணைத் தொட்ட கணுவெல்லாம் வேர்விடும். பனிக்காலத்தில் வெண்ணிறச் சிறுபூக்கள் நுரைபோலத் திரண்டு மரத்தின் முடியை மூடும். அக்கொத்தில் ஒரு சிறு தலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பிரித்துப் பாருங்கள்; அதனுள் நான்கே நான்கு நுண்பூக்கள் இருக்கும். பின்னர் விளையும் கரிய சிறு விதையின் தலையில் வெண்மயிர்க் குஞ்சம் உண்டு. காற்று அதனைத் தூக்கிச் செல்லும். பூவின் வெண்மை மங்கிப் பழுப்பேறும்போது விதை பறக்கத் தொடங்கிவிடும். அதற்கு முன்னரே நாம் முந்துதல் வேண்டும்.

இதனோடு மயங்கத்தக்க நல்ல கொடிகள் யாவை? மிளகும் வெற்றிலையும் கணுவிற்கு ஓரிலை உடையவை. கணுவேரால் ஒட்டி ஏறுபவை. இலை தடித்துப் பளபளக்கும். கசக்கினால் காரமணம் எழும். சீந்தில் இதய இலை கொண்டதேனும் அதற்கும் கணுவிற்கு ஓரிலையே. முதிர்ந்த தண்டில் பருப்போன்ற முடிச்சுகள் இருக்கும். நூல்போன்ற வேர்கள் மேலிருந்து தொங்கும். இது மருந்துக்கொடி, வெட்டலாகாது.

ஏமாற்றுவதில் வல்லது இராசவள்ளி. இதற்கும் இதய இலை. இதுவும் முறுக்கி ஏறும். இலைகளும் பெரும்பாலும் எதிரெதிரே நிற்கும். ஆனால் இதன் தண்டை விரலால் தடவினால் நாற்புறமும் சிறகுபோன்ற விளிம்புகள் தட்டுப்படும். அன்றியும் பனிக்காலத்தில் இது காய்ந்து, தன் செல்வத்தை மண்ணுக்குள் கிழங்காக வைத்துவிட்டு ஓய்வெடுக்கும். ஆகவே தை மாதத்தில் எதிரெதிர் இலையோடு, சிறகற்ற தண்டோடு, பச்சைப்பசேலெனப் பூத்து நிற்பது இராசவள்ளி ஆகாது. பருவமே இங்கு சான்று கூறுகிறது.

இரண்டாம் பகைவனை நீங்கள் உங்கள் வீட்டு முற்றத்திலே போற்றி வளர்க்கிறீர்கள் என்றால் வியப்படைவீர்கள். செல்வம் பெருகும் என்று போத்தலில் நீரூற்றி வளர்க்கும் 'மணி பிளாண்ட்' என்பதே அது. பசிபிக் கடலில் தாகிற்றித் தீவிற்கு அண்மையிலுள்ள மூரேயா என்னும் சிறு தீவு இதன் தாயகம். எனது அலுவலக மேசையிலும் ஒரு போத்தலில் இது இருந்தது. மிகுதியான துண்டுகளை வெட்டி வேலிக்கு அப்பால் எறிந்தவனும் நானே. பின்னர் அந்தச் சரிவில் ஒரு பலா மரத்தைத் தழுவி, முறம் போன்ற அகன்ற கிழிந்த இலைகளோடு ஏறிநின்ற கொடியைக் கண்டபோது, அது என் மேசைச் செடியின் வழித்தோன்றல் என்று நான் அறிந்திலேன்.

அறியாமைக்குக் காரணம் உண்டு. நிலத்தில் தவழும்போது இதன் இலை உள்ளங்கை அளவே. மஞ்சட் கீற்றுகளோடு அழகாயிருக்கும். மரத்தில் ஏறியபின் இலை பன்மடங்கு பெருத்து, நடுநரம்பு வரை கிழிந்து, வேறொரு செடிபோலத் தோன்றும். பூவைக் கொண்டு அறியவும் இயலாது; ஏனெனில் இது பெரும்பாலும் பூப்பதே இல்லை. பூப்பதற்கு இன்றியமையாத ஜிபெரெலின் என்னும் வளர்ச்சிப் பொருளை ஆக்கும் ஆற்றல் இதற்குக் குன்றியுள்ளது என 2016 ஆம் ஆண்டு ஆய்வாளர் கண்டறிந்தனர். விதையே இன்றி, கணுவுடன் கூடிய சிறு துண்டினால் மட்டுமே இது உலகைச் சுற்றி வந்துவிட்டது. மனிதன் கைகளே இதன் விதைகள் என்றால் தவறாகாது.

இதன் விளைவைக் காண விரும்புவோர் கண்டி நகரின் நடுவே, தலதா மாளிகைக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் உடவத்தகலைக் காட்டிற்குச் செல்க. 104 ஹெக்டேர் பரப்புள்ள அக்காடு 1856 இல் ஒதுக்கக் காடாகவும் 1938 இல் சரணாலயமாகவும் ஆக்கப்பெற்றது. அங்குப் புகுந்த இக்கொடி, 20 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை மூடிவிட்டது. தரையெங்கும் அதன் இலைக்கம்பளம். அதன் கீழே நாட்டு மரங்களின் விதைகள் முளைத்து ஒளி காண வழியில்லை. இன்று நிற்கும் பெருமரங்கள் முதுமையில் வீழ்ந்தபின், அவற்றின் இடத்தை நிரப்பும் இளமரங்கள் எங்கிருந்து வரும்? இதுவே நம்முன் நிற்கும் வினா.

இதற்கும் ஒரு நாட்டு உறவினர் உண்டு. நமது காடுகளில் மரத்தோடு ஒட்டி ஏறும் பொத்தஸ் ஸ்கண்டென்ஸ் என்னும் சிறுகொடியின் இலைக்காம்பு தட்டையாக அகன்று, இலையின் கீழே மற்றோர் இலை தைத்ததுபோல் இருக்கும். அவ்வடையாளம் கண்டால் கை வையாது விடுக. அது மண்ணின் பிள்ளை.

மூன்றாவதாக, இறப்பர்த் தோட்டங்களில் மண்ணைக் காக்கவும் வளப்படுத்தவும் விரித்த பியுறேரியா என்னும் அவரையினக் கொடி. ஒரு காம்பில் மூன்று இலைகள், உடலெங்கும் மென்மயிர், ஊதாநிறப் பூ, மெல்லிய நீண்ட நெற்று என்பன இதன் அடையாளங்கள். கட்டுக்குள் இருக்கும்வரை இது நன்மையே செய்யும். கவனிப்பாரற்ற நிலத்திலோ மரமேறி மூடும். இதன் உறவினனான குட்சு என்னும் கொடி 1876 இல் பிலடெல்பியா நகரக் கண்காட்சியில் அழகுச்செடியாக அமெரிக்கருக்கு அறிமுகமானது. 1930 களில் மண்ணரிப்பைத் தடுக்கவென அரசே அதனை நடுவித்தது. பின்னர் அதனை அகற்றவே பெரும்பொருள் செலவிட நேர்ந்தது. நம் நாட்டிலும் நாயுண்ணிச் செடி 1826 இல் பேராதனைப் பூங்காவிற்கு அலங்காரச் செடியாகவே வந்தது. மிக்கானியாவும் 1949 இல் பராகுவேயிலிருந்து இந்தோனேசியாவின் போகோர் தாவரவியற் பூங்காவிற்கு வரவழைக்கப் பெற்றது. பகைவர் பலர் விருந்தினராகவே நம் வாயிலில் நுழைந்தனர் என்பதற்கு இவை சான்று.

இனி அகற்றும் முறை. மிக்கானியாவை மரத்தின்மேலிருந்து இழுக்கலாகாது. மிளகும் உடன் வரும். முதலில் ஒரு தண்டை விரலால் பற்றி, கணுவுக்குக் கணு பார்த்தவாறே அடிவரை இறங்குக. அடியை உறுதி செய்தபின் அதனை மட்டும் வெட்டி, வேரைக் கிளறி எடுக்க. மேலுள்ள பகுதி தானே காய்ந்துவிடும். நிலத்தில் ஓடும் தண்டுகளைத் துண்டாக்காது சுருட்டி எடுக்க. ஒவ்வொரு கணுவும் ஒரு புதிய செடி என்பதை மறவற்க. எடுத்தவற்றை ஓடைக்கரையிலோ குப்பைக் குழியிலோ இடாது, வெயில் படும் பாறைமீதோ தகரத்தின்மீதோ பரப்பி, முற்றாகக் காயவிடுக. மணி பிளாண்டை வெட்டும்போது கையுறை அணிக. அதன் சாற்றிலுள்ள ஊசிபோன்ற நுண்படிகங்கள் தோலில் அரிப்பை உண்டாக்கும். அது மரத்தில் விட்ட பகுதியிலும் வேர் கொண்டிருப்பதால், அடியை வெட்டுவதோடு நில்லாது மரத்தினின்றும் உரித்தெடுத்தல் வேண்டும். ஒருமுறை செய்ததோடு ஓயாது, அடுத்த மழைக்குப் பின்னும் அதே இடத்தைச் சென்று பார்க்க.

மிக்கானியாவை அதன் தாயகத்து நோயினாலேயே அடக்கும் முயற்சியும் நடந்துள்ளது. அக்கொடியை மட்டுமே தாக்கும் ஒருவகைத் துருநோய்ப் பூஞ்சணம் 2005 இல் அசாமிலும் 2006 இல் கேரளத்திலும் விடப்பட்டது. ஆங்கு அது நிலைகொள்ளவில்லை. 2008 இல் பப்புவா நியூகினியில் விடப்பட்டபோதோ நிலைத்துப் பரவிக் கொடியை நலிவுறச் செய்தது. அறிஞர் முயற்சி ஒருபுறம் நிற்க, நமது வேலியை நாமே பார்த்தல் வேண்டும்.

நேயர்களே, அந்த அம்மையாரின் தோட்டத்தில் மூன்று மரங்களின் அடியிலும் எமது மாணாக்கர் புதிய மிளகுத் தண்டுகளை நட்டனர். மிளகு காய்க்க மூன்று ஆண்டுகளாவது செல்லும். வெட்டியது ஒரு முற்பகல். ஈடு செய்ய எடுத்தது பிள்ளைகளின் பள்ளிப் பருவத்தில் மூன்றாண்டு. நட்ட பிள்ளைகளுள் சிலர் அதன் முதற்காயைக் காணுமுன் பாடசாலையை விட்டுச் சென்றனர். ஆயினும் ஒவ்வொரு தை மாதமும், இளையோர் கத்தியின்றி வெறுங்கையோடு அவ்வேலியோரம் நடந்து, ஒவ்வொரு கொடியாகத் தொட்டு அந்நான்கு வினாக்களுக்கும் விடை கூறுகின்றனர். விடை கூறிய பின்னரே கத்தி கொடுக்கப்படும். அம்மையாரும் திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளை தவறினால் அவரே திருத்துவார்.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததற்கு முன், அது முல்லை என்பதை அறிந்திருந்தான் அல்லவா? அறிந்து இரங்குவதும் அறிந்து களைவதும் ஒரே அறிவின் இரு பக்கங்களே. வரும் பனிக்காலத்தில் ஒரு காலைப்பொழுதை உங்கள் வேலியோரம் செலவிடுங்கள். முதலில் பாருங்கள், பின்னர் தொடுங்கள், இறுதியாகவே வெட்டுங்கள்.